செத்த மாடு யார் பொறுப்பு? கால்நடைச் சடலம் எருவான வரலாறு

தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் ஒரு கறவை மாடு செத்தால், அதை எங்கே கொண்டு போடுவது என்பதுதான் வீட்டாரின் முதல் கவலை. அனுமன் நதித் தண்ணீரில் நெல் விளையும் பூமி இது. நீர் நிற்கும் வயலை ஒட்டி ஆறடி வெட்டினால் அடியில் ஊற்றெடுக்கும். அந்த ஊற்றுதான் பக்கத்துக் கிணற்றுக்கும் போகிறது. குளத்தங்கரையில் போட்டால் நாய் இழுக்கும். எரிக்க விறகு கட்டாது. மிஞ்சும் வழிகளில் ஒன்று, சடலத்தை மட்க வைத்து எருவாக்குவது. புதிதாகத் தெரியும் இந்த வழி எப்படி வந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முன்பு இந்தக் கேள்வியே மாட்டுக்காரருக்கு எழவில்லை. செத்த மாட்டை அப்புறப்படுத்துவது ஒடுக்கப்பட்ட சாதியினர் தலையில் கட்டப்பட்ட ஊழியமாக இருந்தது. தோல் பதனிடப் போனது, எலும்பு கப்பலேறியது. இந்திய வேளாண்மையை ஆராய்ந்து 1893இல் அறிக்கை தந்த வேளாண் வேதியியலர் வோல்க்கர், நிலத்துக்குச் சேர வேண்டிய எலும்பு ஏற்றுமதியாவதைப் பற்றி அப்போதே விவாதித்தார். சின்ன உயிர்கள் மட்டும் வீட்டுக்காரர் கையாலேயே மண்ணுக்குள் போயின. செத்த ஆட்டுக்குட்டியையோ நாயையோ தென்னை மூட்டில் புதைக்கும் வழக்கம் இன்றும் உண்டு. சடலம் உரமாகும் என்பது நம்மவர்க்குத் தெரியாத சங்கதியல்ல. மாட்டைத் தொடுவதற்குத்தான் மனம் வரவில்லை.

அந்த ஊழியத்தின் மீதான எதிர்ப்பு இருபதாம் நூற்றாண்டில் வலுத்தது. 1927 மார்ச்சில் மகாராஷ்டிரத்தின் மகாடு மாநாட்டில் அம்பேத்கர், செத்த மாட்டின் இறைச்சியை உண்பதைக் கைவிடுமாறு தம் மக்களைக் கேட்டுக்கொண்டார். காந்தியர்கள் வேறு திசையில் போனார்கள்: வார்தாவை அடுத்த நால்வாடியில் தோல் பதனிடும் நிலையம் வைத்து, இது எல்லோரும் செய்யத்தக்க கைத்தொழில் என்று காட்ட முயன்றார்கள். பிற்பாடு காதி கிராமத் தொழில் ஆணையமும் சடலப் பயன்பாட்டைத் தன் தொழில்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. தொழிலின் பெயர் மாறியது. செய்தவர்கள் பெரும்பாலும் மாறவில்லை. 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனா அருகே, செத்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்கள் கட்டி வைத்து அடிக்கப்பட்டனர். அதைக் கண்டித்து தலித்துகள் சுரேந்திரநகர் ஆட்சியர் அலுவலகத்தின் முன் மாட்டுச் சடலங்களைக் கொண்டுவந்து போட்டார்கள். ‘உங்கள் மாட்டை நீங்களே பாருங்கள்’ என்பதே அதன் பொருள்.

கூலி கேட்காத இன்னொரு பணியாளும் இதற்குள் காணாமல் போயிருந்தது. பாறு கழுகுக் கூட்டம் ஒரு மாட்டைச் சில மணி நேரத்தில் எலும்பாக்கிவிடும். மாட்டுக்கு வலி மருந்தாகப் போட்ட டைக்ளோபினாக்தான் அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றது என்பது 2004இல் உறுதியாயிற்று. 2006இல் இந்தியா அதைக் கால்நடைகளுக்குத் தடை செய்தது. தமிழ்நாட்டில் இன்று பாறு கழுகைப் பார்க்க மோயாற்றுப் பள்ளத்தாக்குக்குத்தான் போக வேண்டும்.

ஆளும் கழுகும் அருகிய இடத்தில்தான் மட்கவைக்கும் வழி வருகிறது. அந்தக் கலைக்கு இந்திய மண்ணிலேயே பெரிய பாரம்பரியம் உண்டு. ஆங்கிலேய வேளாண் அறிஞர் ஆல்பர்ட் ஹோவர்டு இந்தூரில் 1924 முதல் 1931 வரை உருவாக்கிய முறை உலகெங்கும் போனது. ஆனால் அது செடிகொடிக் கழிவையும் சாணத்தையும் நம்பிய முறை. சடலத்தை முறைப்படி குவியலுக்குள் வைத்தவர்கள் அமெரிக்கக் கோழிப் பண்ணையாளர்கள். மேரிலாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1988இல் செத்த கோழிகளை எருவோடும் வைக்கோலோடும் அடுக்கி மட்கவைத்த முதற்கட்ட ஆய்வை வெளியிட்டார்கள். 2002இல் கார்னெல் பல்கலைக்கழகம் மாடு போன்ற பெரிய கால்நடைகளுக்கும் வழிகாட்டி தந்தது. ஐரோப்பா எதிர்த்திசையில் நடந்தது. பித்த மாட்டு நோய் பட்ட சூட்டில், பண்ணையிலேயே புதைப்பதைக்கூட 2002ஆம் ஆண்டின் விதிகள் தடுத்தன. தமிழ்நாட்டில் சடலம் மட்கவைப்பதைக் கையிலெடுத்தது நாமக்கல். அங்குள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், செத்த கோழி மட்குவது பருவத்துக்குப் பருவம் எப்படி மாறுகிறது என்று ஆராய்ந்து 2008இல் வெளியிட்டார்கள். முட்டைக் கோழி ஊரில் அது இயல்பே.

செய்முறையில் மந்திரம் ஏதுமில்லை. மேட்டில் இரண்டடி உயரத்துக்கு மரத்தூளோ நார்க்கழிவோ பரப்ப வேண்டும். அதன் நடுவில் மாட்டைக் கிடத்தி, வயிறு உப்பி வெடிக்காதிருக்க இரைப்பையில் குத்தி வாயுவை வெளியேற்ற வேண்டும். மேலும் இரண்டடி மூட வேண்டும். சடலத்தில் தழைச்சத்து மிகுதி, மரத்தூளில் கரிமம் மிகுதி. இரண்டும் சேர்ந்தால்தான் நுண்ணுயிர்களுக்குச் சமச்சீரான தீனி. ஈரம் பாதிக்குச் சற்று மேலே, கைப்பிடியில் பிழிந்தால் சொட்டாத பதத்தில் இருக்க வேண்டும். சில நாளில் உள்ளே சூடு 55 டிகிரியைத் தாண்டும். பெரும்பாலான நோய்க்கிருமிகள் அந்தச் சூட்டில் மடியும். ஆறு மாதம் கழித்துப் பிரித்தால் தசை இருந்த இடத்தில் கருத்த எருவும், கையில் ஒடியும் பெரிய எலும்புகளும் கிடக்கும். நாற்றம் வந்தால் மூடாக்கு போதவில்லை என்று அர்த்தம். அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோய் என்று சந்தேகம் இருந்தால் இந்த முறையே கூடாது: அதன் வித்துகள் இந்தச் சூட்டுக்குச் சாகாது. சடலத்தைக் கிழிக்காமல் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும்.

ஆய்க்குடி வட்டாரத்தில் வைக்கோலுக்கும் தென்னை நார்க்கழிவுக்கும் பஞ்சமில்லை. சிக்கல் சாரலில் இருக்கிறது. குற்றாலத்தில் சீசன் களைகட்டும் ஆனி, ஆடியில் திறந்த குவியல் ஊறிப்போய்ச் சூடு தணியும். சாறு வாய்க்காலுக்கு இறங்கும். கூரை இல்லாமல் இங்கே இது சரிப்படாது.

சாதியிடமிருந்தும் கழுகிடமிருந்தும் சடலத்தை மாட்டுக்காரர் கைக்கே திருப்பியது இந்த முறை என்பது என் கணிப்பு. ஆனால் அது கையில் நிலம் உள்ளவருக்கான முறை. வீட்டு வாசலில் ஒரு பசுவைக் கட்டிப் பால் கறந்து பிழைப்பவர் ஆறு மாதம் குவியல் வைக்க எங்கே போவார்? நீர்நிலைக்கு எட்டத்தில், மேட்டு நிலத்தில், தகரக் கூரை போட்ட ஒரு சிமெண்டுத் தளத்தைப் பேரூராட்சிதான் கட்டித்தர வேண்டும். அதில் சம்பளத்துக்கு ஆள் வைப்பதானால், பழையபடி ஒடுக்கப்பட்டோர் தெருவிலிருந்து மட்டும் ஆளெடுக்கக் கூடாது.