சபர் கடிதங்கள்

1914ஆம் ஆண்டில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், தனுஷ்கோடி வரை இரயிலிலும் அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலிலும் சென்று நம்மவர் இலங்கையில் வணிகம் புரிந்தனர். நாம் சிறுவராயிருந்த காலத்தில், சபர் புறப்படுவோர் வீடுதோறும் சென்று பயணம் சொல்லிக்கொள்வர்; பின்னர் மாட்டு வண்டி இரயிலடியை நோக்கி நகரும்.

அதன்பின் உறவெல்லாம் கடிதத்தில்தான். தந்தி வந்தாலோ, பிரிக்குமுன்னரே வீட்டில் அழுகுரல் எழும். தமிழெழுத்து அறியாத தாய்மார் பலர், குர்ஆன் ஓதக் கற்றிருந்தமையால், அரபுத்தமிழில் எழுதவும் வாசிக்கவும் வல்லவராயிருந்தனர். தமிழுக்கே உரிய ஒலிகளுக்காக அரபு எழுத்துகளில் புள்ளிகள் கூட்டி அமைத்தது அவ்வெழுத்துமுறை. முகவரியை மட்டும் பிறர் எழுதித் தருவர். உள்ளிருக்கும் அந்தரங்கத்தைத் தபால்காரரும் அறியார். கடிதம் எழுத ஆள் தேடும் அவலம் அவர்களுக்கு இருந்ததில்லை.

1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. 2013இல் நம் நாட்டில் தந்திச் சேவையும் நின்றது. அக்கடிதங்களோ சில வீடுகளில் பெட்டியின் அடியில் இன்னும் கிடக்கின்றன. அவற்றைப் படிக்க வல்லோர்தாம் அருகிவிட்டனர். பழங்காகிதமென்று கழித்துவிடாமல், அறிந்த முதியவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்போமாக. நம் பெண்மக்கள் தம் கையாலேயே எழுதிவைத்த வரலாறு அது.