உலர்களத்தில் தொடங்கிய புதிர்

கோட்டைப்பட்டினம் கடற்கரையில் காலை வேளையில் நடந்தால் கருவாட்டு வாடை நம்மை எதிர்கொள்ளும். மீனைக் கீறி, உப்பிட்டு, வெயிலில் பரப்பியிருப்பார்கள். வெயில் நீரை ஆவியாக்குகிறது. எஞ்சிய நீரை உப்பு தன்பால் பிடித்துக்கொள்வதால் கிருமிகள் பெருக வழியில்லை. ஆனாலும் நாள்பட்ட கருவாடு காறல் அடிக்கிறதே, ஏன்? அதிலுள்ள கொழுப்பு காற்றின் ஆக்சிஜனோடு வினைபுரிகிறது. உலர்த்துதல் அழுகலைத் தடுக்கும். ஆக்சிஜனின் வேலையை அதனால் தடுக்க இயலாது.

இந்த எளிய உண்மையை மறந்ததால் வேதியியலார் பல்லாண்டுகள் வழிதவறிய கதை ஒன்று உண்டு. கடலோரத்தில் கஞ்சா மூட்டைகள் பிடிபட்ட செய்தியைப் படித்த என் மாணவர் ஒருவர் கேட்டார்: "நாள்பட நாள்பட அதன் வீரியம் ஏறும் என்கிறார்களே, உண்மையா சார்?" இதற்கு விடை காண நாம் பழைய வங்காளத்துக்குச் செல்ல வேண்டும்.

வங்காளத்துக் களங்கள்

19-ஆம் நூற்றாண்டில் ராஜ்சாகி மாவட்டத்து நவகாவ் பகுதியில் (இன்று வங்காளதேசத்தில் உள்ளது) அரசின் உரிமம் பெற்றுக் கஞ்சா பயிரிட்டனர். விதை பிடித்தால் பூவில் பிசின் குறையும். ஆகவே ஆண் செடிகளை அடையாளம் கண்டு பிடுங்கி எறியத் தனித் தேர்ச்சி பெற்றவர்கள் இருந்தனர். அறுவடையான கதிர்களைக் களத்தில் வெயிலில் வாட்டி, வரிசையாகப் பரப்பிக் காலால் மிதித்துத் தட்டையாக்குவர். அல்லது உருட்டித் திரட்டுவர். முன்னது தட்டைக் கஞ்சா, பின்னது உருண்டைக் கஞ்சா. இரண்டுக்கும் தீர்வை வெவ்வேறு.

உலர்ந்த சரக்கு அரசுக் கிடங்குக்குச் செல்லும். எடைக்கு ஏற்பத் தீர்வை செலுத்திய பின்னரே அது வெளியேறும். ஈரம் மிஞ்சினால் பூஞ்சை பிடிக்கும். அளவுக்கு மீறிக் காய்ந்தால் தூளாய் உதிரும். ஆக, உலர்த்துவதில் தவறினால் உழவருக்கும் நட்டம், அரசுக்கும் நட்டம்.

இப்பழக்கத்தால் மக்களுக்கு விளையும் தீங்கு குறித்து 1893-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கேள்வி எழவே, இந்திய சணல் போதைப்பொருள் ஆணையம் அமைக்கப்பட்டது. நாடெங்கும் 1,193 சாட்சிகளை விசாரித்து, 1894-இல் அது அறிக்கையை முடித்தது. கல்கத்தாத் தாவரத் தோட்டத்தைச் சேர்ந்த டேவிட் பிரெய்ன் 1893-இல் கஞ்சாவைப் பற்றித் தனியே ஓர் அறிக்கை எழுதினார். கிடங்கில் பழையதாகிப்போன சரக்கு வீரியம் இழப்பதை அவர் அதில் எடுத்துக்காட்டினார். இந்தக் குறிப்பின் அருமை பின்னரே விளங்கியது.

தவறான குற்றவாளி

கல்கத்தா மருத்துவர் ஓஷாநெசி 1839-இல் கஞ்சாவின் மருத்துவக் குணங்களை வெளியிட்ட பின், ஐரோப்பிய மருத்துவர்களும் அதைக் கையாளத் தொடங்கினர். ஆனால் ஒரே அளவு மருந்து ஒரு நோயாளியை மயக்கும். மற்றொருவரிடம் எந்த விளைவும் காட்டாது. செயல்படும் பொருள் எது என்று தெரியாமல் அளவை எப்படி வரையறுப்பது?

1896-இல் கேம்பிரிட்ஜில் வுட், ஸ்பைவி, ஈஸ்டர்ஃபீல்டு ஆகியோர் செடியின் பிசினாகிய சரஸிலிருந்து ஒரு சிவந்த எண்ணெயைப் பிரித்து, அதற்குக் கன்னபினால் என்று பெயரிட்டனர். குற்றவாளி அகப்பட்டான் என்றே பலரும் எண்ணினர். 1940-இல் அமெரிக்காவில் ஆடம்சும் பிரிட்டனில் டாடும் கன்னபினாலின் அமைப்பை உறுதிசெய்து, ஆய்வகத்திலேயே அதை உருவாக்கினர். ஆனால் அந்தத் தூய பொருளிடம் எதிர்பார்த்த மயக்கம் இல்லை!

1964-இல்தான் விடை கிடைத்தது. இஸ்ரேலில் கவோனியும் மெக்கூலமும், காவல்துறை கைப்பற்றிய ஹஷீஷைப் பெற்று ஆராய்ந்து, டெட்ராஹைட்ரோகன்னபினாலைத் தூய்மையாகப் பிரித்தனர். மயக்குவது இதுவே. இதன் மூலக்கூறில் 21 கார்பன், 30 ஹைட்ரஜன், 2 ஆக்சிஜன் அணுக்கள். கன்னபினாலில் ஹைட்ரஜன் 26 மட்டுமே. எஞ்சிய நான்கு எங்கே? காற்றும் ஒளியும் வெப்பமும் படப்பட, முன்னதிலுள்ள ஹைட்ரஜன் நீங்கி அது பின்னதாக மாறுகிறது. கன்னபினால் என்பது பெரும்பாலும் பழமையின் எச்சம். கொலையாளியைத் தேடியவர்கள் அவன் விட்டுச்சென்ற சாம்பலைக் கண்டெடுத்திருக்கிறார்கள்! பிரெய்ன் கிடங்கில் கண்ட வீரியக் குறைவுக்கும் காரணம் இதுவே.

மாணவருக்கு விடை

வீரியம் ஏறாது, குறையும். எவ்வளவு குறைந்தது என்பதைக் கண்ணாலோ மூக்காலோ அறிய வழியில்லை. எந்தச் செடி, எப்போது அறுத்தது, எங்கே பதுக்கியது, பூஞ்சை பிடித்ததா என்று தெரியாத ஒரு பொட்டலத்தில் எத்தனை மில்லிகிராம் இருக்கிறது என்பதை விற்பவனும் அறியான், வாங்குபவனும் அறியான். நம் நாட்டில் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டப்படி, அனுமதியின்றிக் கஞ்சாச் செடி வளர்ப்பதும் கஞ்சாவை வைத்திருப்பதும் குற்றம். அதே 1985-இல் அமெரிக்கா, ஆய்வகத்தில் செய்த இதே மூலக்கூறைப் புற்றுநோய் சிகிச்சையில் உண்டாகும் குமட்டலைத் தணிக்கும் மருந்தாக ஏற்றது. மூலக்கூறு ஒன்றே. ஆனால் மருந்துக் குப்பியில் அதன் அளவு எழுதியிருக்கிறது, பொட்டலத்தில் எழுதியிருப்பதில்லை.

ஆய்வகத்தில் நுழையும் இளைஞர்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. ஒரு பொருளை ஆராயுமுன், அது எப்படி உலர்ந்தது, எத்தனை நாள் கிடந்தது என்று கேளுங்கள். கருவாடு வாங்கும் நம் வீட்டுப் பெண்கள் என்றென்றும் கேட்டுவரும் கேள்விதான் அது. கேம்பிரிட்ஜ் அதைக் கேட்க மறந்தது.