பெட்டியின் மேல் இருக்கும் பெயர்

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் வண்டி சாமான் விற்கும் கடையில் போய் பிரேக் பேட் கேட்டால், பதிலுக்கு ஒரு கேள்விதான் வரும்: கம்பெனி சாமானா, லோக்கலா? டெல்லி காஷ்மீரி கேட்டிலும் இதே கேள்வியை இந்தியில் கேட்பார்கள். டூப்ளிகேட் என்ற மூன்றாவது சொல்லைக் கடைக்காரர் உச்சரிக்க மாட்டார். அது கம்பெனி சாமானின் பெட்டிக்குள், கம்பெனி சாமானின் பெயரோடு ஏற்கெனவே அலமாரியில் ஏறியிருக்கும். லோக்கலும் டூப்ளிகேட்டும் ஒன்றுதான் என்று வண்டி வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். கார் கம்பெனிகளின் விளம்பரங்களும் அப்படி நினைக்கவே பழக்குகின்றன. ஆனால் இந்த இரண்டும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு காரணத்தால் பிறந்தவை. லோக்கல் தட்டுப்பாட்டில் பிறந்தது. செய்தவன் யார் என்பதை அது மறைக்கவில்லை. டூப்ளிகேட்டோ, பாகத்தைக் கண்ணால் பார்த்துத் தரம் சொல்ல முடியாத காலம் வந்த பிறகு பெருகியது. செய்தவனை மறைப்பதுதான் அதன் தொழிலே. இந்த வேறுபாட்டை விட்டுவிட்டால் மலிவான பாகங்களின் தரக்கேட்டுக்குக் காரணமும் புரியாது, மருந்தும் கிடைக்காது.

முதலில் எல்லாமே கப்பலில் வந்தன. ஃபோர்டு 1926இல் இந்தியாவில் கம்பெனி தொடங்கி பம்பாய், கல்கத்தா, மதராஸ் நகரங்களில் வண்டிகளைப் பூட்டி விற்றது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928இல் பம்பாய்க்கு வந்தது. பூட்டுவது மட்டும் இங்கே. பிஸ்டன் முதல் வால்வு வரை எல்லாம் கடல் கடந்து வரவேண்டும். இரண்டாம் உலகப் போரில் அந்த வரத்து ஒடுங்கியது. பெட்ரோலுக்குப் பதில் கரிவாயுவில் பேருந்து ஓட்டிய காலம் அது. தேய்ந்த புஷ்ஷுக்கும் உடைந்த ஸ்பிரிங்குக்கும் வழி தேடியவர்கள் கோயம்புத்தூர், மதராஸ் லேத் பட்டறைகளுக்குத்தான் போனார்கள். சுதந்திரத்துக்குப் பின் இந்தத் தட்டுப்பாடு அரசின் கொள்கையாலேயே நிலைபெற்றது. வண்டியை இங்கேயே முழுதாக உற்பத்தி செய்யும் திட்டம் உள்ளவர்களுக்கு மட்டுமே இடம் என்று 1953இல் அரசு முடிவெடுத்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டின. அவர்கள் விட்டுப்போன இடத்தில்தான் மதராஸின் உதிரிபாகத் தொழில் வேர்விட்டது. செம்பியத்தில் 1949இலேயே இந்தியா பிஸ்டன்ஸ் தொடங்கியிருந்தது. பாடியிலும் சுற்றுவட்டாரத்திலும் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா என்று 1960க்கும் 1962க்கும் இடையில் மட்டும் அடுத்தடுத்து எழுந்தன. இந்த மூன்றின் பின்னால் இருந்த டிவிஎஸ் குடும்பம் பேருந்து ஓட்டியும் வண்டி விற்றும் வளர்ந்தது; 1929இல் தொடங்கிய ரானேவும் விற்பனையிலிருந்தே உற்பத்திக்கு வந்தது. வெளிநாட்டுச் சாமானை விற்றவர்களே அதைச் செய்யக் கற்றுக்கொண்டார்கள்.

பெரிய ஆலைகள் முதலில் வண்டி செய்பவர்களுக்குக் கொடுக்க வேண்டும், மிச்சம்தான் சந்தைக்கு. ஓடிக்கொண்டிருந்த வண்டிகளுக்கு அந்த மிச்சம் போதவில்லை. அந்த இடைவெளியில் நுழைந்ததுதான் லோக்கல். அதற்குச் சாதகமாக அமைந்தது வண்டிகளின் மாறாத்தன்மை. உத்தரபாராவில் 1950களின் இறுதியில் வெளிவரத் தொடங்கிய அம்பாசடர் 2014 வரை ஏறக்குறைய அதே உருவத்தில் வந்தது. ஒரு பாகத்துக்கு ஒருமுறை அச்சு எடுத்துவிட்டால் இருபது, முப்பது வருடம் அதே பாகம் விற்கும். செய்பவனுக்கு ஒவ்வொரு வருடமும் கை படியும். மெக்கானிக்குக் கண் படியும். புஷ்ஷைச் சுண்டிப் பார்த்து ஒலியில் உலோகத்தை அறிவதும், ரப்பரை நகத்தால் கீறிப் பார்ப்பதும், கியரின் பல்லில் அரம் போட்டு அரம் வழுக்கினால் சரியாகப் பதம் வைத்திருக்கிறான் என்று ஏற்பதும் அன்றைய பட்டறைகளின் தரச்சோதனை. புதுப்பேட்டையில் கழற்றிப் போட்ட பழைய வண்டியின் பாகம் சில சமயம் புதிய லோக்கலைவிட நல்லது என்று தீர்ப்புச் சொல்லவும் அந்தக் கண்ணுக்குத் தெரியும். செய்தவனின் ஊரும் பட்டறையும் வாங்குகிறவனுக்குத் தெரிந்திருக்கும். பாகம் கெட்டால் அடுத்த மாதம் வாங்கியவன் அந்தப் பட்டறை வாசலில் வந்து நிற்பான்.

அதற்காக அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. பதம் வைக்காத இரும்பும் கல்நார் கலந்த பிரேக் லைனிங்கும் அன்று சாதாரணம். அந்தத் தூசியைச் சுவாசித்த தொழிலாளர்களின் நுரையீரலுக்கு யாரும் கணக்கு வைக்கவில்லை. லோக்கல் சாமானில் தரக்குறைவு நிறையவே இருந்தது. ஆனால் அது வெளியே தெரிந்த தரக்குறைவு. விலை குறைவு, ஆயுள் குறைவு என்று இரண்டு பக்கமும் அறிந்து செய்துகொண்ட பேரம் அது. விற்றவன் அதை வேறொருவன் பெயரில் விற்கவில்லை.

அந்தப் பேரத்தின் அடித்தளம் 1983 டிசம்பரில் மாருதி 800 வந்ததிலிருந்து மெல்ல நகரத் தொடங்கியது. 1990களில் ஃபோர்டு மறைமலை நகருக்கும் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கும் வந்தன; மாடல்கள் சில வருடத்துக்கொருமுறை மாறின. 2000இல் பாரத் ஸ்டேஜ் மாசு விதிகள் வந்தபின் கார்புரேட்டர் போய் எரிபொருளை அளந்து தெளிக்கும் இன்ஜெக்டரும், சென்சாரும், அவற்றை ஆளும் கணினியும் வந்தன. பாகங்கள் மூடி முத்திரையிட்ட பொட்டலங்களாக மாறின. மூடிய பெட்டிக்குள் இருக்கும் மின்சுற்றைச் சுண்டிப் பார்த்து என்ன அறிய முடியும்? மெக்கானிக்கின் கண்ணுக்கும் விரலுக்கும் இருந்த அதிகாரம் போயிற்று. தரத்துக்குச் சாட்சி என்று மிஞ்சியது பெட்டியும், அதன் மேல் இருந்த பெயரும், பின்னர் அதில் ஒட்டப்பட்ட ஹாலோகிராமும்தான். நம்பிக்கை பாகத்தை விட்டுப் பெட்டிக்குக் குடிபெயர்ந்தது. ஒரு நல்ல பால் ஜாயிண்டைச் செய்ய உலையும் அச்சும் பதம் வைக்கும் அறிவும் வேண்டும். ஒரு நல்ல பெட்டியைச் செய்ய அச்சகம் போதும். போலிக்காரனின் முதலீடு எங்கே போகும் என்பது அதிலேயே தீர்மானமாகிவிட்டது.

இந்தப் பாகங்களைத் திறந்து பார்த்தால் இது விளங்கும். ஆயில் ஃபில்டர் வெளியே வெறும் டப்பா. உள்ளே ரெசின் ஏற்றிப் பதப்படுத்திய காகிதம், காகிதம் அடைத்துக்கொண்டால் எண்ணெயை மாற்றுவழியில் விடும் வால்வு, என்ஜின் நின்றபின் எண்ணெய் கீழே வடிந்துவிடாமல் தடுக்கும் ரப்பர் என்று மூன்று வேலைகள் இருக்கின்றன. போலியில் வண்ணமும் எழுத்தும் அச்சு அசலாக இருக்கும். காகிதத்தின் மடிப்புகள் பாதியாகியிருக்கும், வால்வு பெயருக்கு இருக்கும் அல்லது இருக்கவே இருக்காது. என்ஜின் அன்றே நிற்காது. பல ஆயிரம் கிலோமீட்டர் கழித்து பேரிங் தேயும்போது ஃபில்டரை யாரும் நினைக்கமாட்டார்கள். பேரிங்கிலும் இதே கதை. பழைய வண்டியில் கழற்றியதைக் கழுவிப் பளபளப்பாக்கி, எண்ணைப் புதிதாகப் பொறித்துப் பெட்டியில் போட்டால் பார்வைக்குக் குறை சொல்ல முடியாது. பிரேக் பேடின் வஞ்சகம் இன்னும் கொடியது. சரியான பேட் என்பது இழைகளையும் உலோகத் துகள்களையும் ரெசினில் பிணைத்து, அழுத்தி, சுட்டு எடுத்த கலவை. அதன் முழு அறிவும் சூட்டில் அது எப்படி நடந்துகொள்கிறது என்பதில்தான். நகர நெரிசலில் மட்டமான பேடும் வண்டியை நிறுத்திவிடும். வாங்கியவர் மிச்சம் பிடித்ததாக மகிழ்வார். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது சூடேறி, பிணைப்பு இளகி, மிதிக்க மிதிக்கப் பிடிப்பு குறையும். எந்த இடத்தில் அந்தப் பாகம் உயிருக்கு நின்றாக வேண்டுமோ அந்த இடத்தில் மட்டுமே அதன் குறை வெளிப்படும். விலையைப் பார்த்து வாங்கியவரின் கணக்கில் அந்த இடம் வரவே வராது.

இதற்கு மறுப்பாகக் கடைத்தெருவில் சொல்லப்படுவது: எல்லாம் ஒரே ஆலையில் செய்வதுதான், பெட்டிக்குத்தான் காசு. இதில் பாதி உண்மை. கார் கம்பெனிகள் பெரும்பாலான பாகங்களைத் தாமே செய்வதில்லை. அவர்களுக்குச் செய்துகொடுக்கும் நிறுவனங்களில் பல அதே வகைப் பாகத்தைத் தம் சொந்தப் பெயரிலும் குறைந்த விலைக்குச் சந்தையில் விற்கின்றன. அதை வாங்குவது முழுக்க நியாயமான சிக்கனம். ஆனால் அந்த மலிவுக்குப் பின்னால் ஒரு பெயர் நிற்கிறது, அந்தப் பெயரைக் காப்பாற்ற ஓர் ஆலை நிற்கிறது. பாடியில் இயங்கிய சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998இல் ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. இந்திய நிறுவனம் ஒன்று அதைப் பெற்றது அதுவே முதல்முறை. 2001இல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் பெற்றது. உலகத் தரத்தில் பிரேக் செய்யத் தெரிந்த இந்த நகரத்தில் மட்டமான பிரேக்கும் விற்கிறது என்றால், நம்மவர் கைக்குத் திறமை இல்லை என்பது அதற்குக் காரணமாக இருக்க முடியாது.

இன்னொரு மறுப்புக்கு அதிக வலு உண்டு. டாக்ஸி ஓட்டுகிறவருக்குக் கம்பெனி சாமானின் விலை கட்டுப்படியாகாது; போலியை ஒழித்தால் அவர் பிழைப்பு என்னாவது? இந்தக் கேள்வியைக் கார் கம்பெனிகளைப் பார்த்துத்தான் முதலில் கேட்க வேண்டும். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அசல் உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிச்சந்தைக்கு வரவிடாமல் தடுத்தார்கள், வெளியே பழுது பார்த்தால் வாரண்டி இல்லை என்று மிரட்டினார்கள், அதனால் கிடைத்த ஏகபோகத்தில் விலையை ஏற்றினார்கள் என்பவை அதன் முடிவுகள். நிறுவனங்கள் வழக்குக்குப் போயின என்பது வேறு விஷயம். ஆணையம் விவரித்த நிலை 1950களின் தட்டுப்பாட்டுக்கு ஒப்பானது. அன்று இறக்குமதிக் கட்டுப்பாடு அடைத்த கதவை இன்று வணிக ஒப்பந்தம் அடைத்தது. தெருமுனை மெக்கானிக்குக் கூடுதல் விலை கொடுத்தாலும் அசல் கிடைக்காது என்றால், அசல் என்று எழுதிய பெட்டி தானாக அவரைத் தேடி வரும். ஆனால் அதனால் போலி ஏழைக்குத் தோழனாகிவிடாது. நேர்மையான லோக்கலை விலையில் அடித்துச் சந்தையை விட்டுத் துரத்துவது இந்தப் போலிதான். தன் பெயரைப் போட்டு, கொஞ்சம் நல்ல எஃகு வாங்கி, பத்து ரூபாய் லாபத்தில் விற்கும் சிறு உற்பத்தியாளரால், பெரிய பெயரைத் திருடி முப்பது ரூபாய் லாபம் பார்ப்பவனோடு போட்டி போட முடியாது. ஏழைக்குத் தேவையான மலிவுச் சாமான் அந்தச் சிறு உற்பத்தியாளரிடம்தான் இருக்கிறது.

அசலும் கெடத்தானே செய்கிறது என்பார்கள். கெடும். ஜப்பானின் டகாட்டா நிறுவனம் செய்த ஏர்பேக்குகள் வெடித்து உலோகச் சிதறல்களால் உயிர்களைப் பறித்தன. உலகெங்கும் சுமார் 10 கோடி திரும்பப் பெறப்பட வேண்டியிருந்தன. நிறுவனம் 2017இல் திவாலானது. அந்தக் குற்றம் சிறியதல்ல. ஆனால் எந்த ஆலையில், எந்த வருடம், எந்த வேதிப்பொருளோடு செய்தது என்று தேடிப்போகவும், வண்டி எண்ணை வைத்து உரிமையாளருக்குக் கடிதம் அனுப்பவும் முடிந்தது. அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2012 அக்டோபரில் போலி ஏர்பேக்குகளைப் பற்றி எச்சரித்தது. சோதனையில் சில விரியவே இல்லை, சில உலோகத் துண்டுகளை உமிழ்ந்தன. அவற்றை யாரிடமிருந்து, யார் திரும்பப் பெறுவது? கார் கம்பெனியின் பதிவேட்டில் அந்த ஏர்பேக்கே கிடையாது.

நம் சட்டம் இந்த முனையைப் பிடிக்க வெகுகாலம் எடுத்துக்கொண்டது. போலிச் சாமானைப் பிடிக்கப் பெரிதும் பயன்படுவது 1999ஆம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டம். ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். அந்தச் சட்டத்தின் கண்ணில் பாதிக்கப்பட்டவர் பெயருக்கு உரிமையாளர். பிரேக்கை மிதித்தவர் அல்ல. 2019இல்தான் இரண்டு மாற்றங்கள் வந்தன. மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 182ஏ பிரிவு, உயிர்ப் பாதுகாப்புக்கு முக்கியமானது என்று அரசு அறிவித்த பாகத்தை உரிய தரமில்லாமல் விற்றால் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு லட்சம் ரூபாய் அபராதமோ ஓராண்டுவரை சிறையோ இரண்டுமோ என்கிறது. அதே ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 86ஆம் பிரிவில், விற்ற பொருளைச் செய்தவர் யார் என்று தெரியாவிட்டால் அதனால் வரும் கேட்டுக்கு விற்றவரே பொறுப்பு என்கிறது. பட்டறைக்காரன் வாசலில் போய் நின்ற அந்தப் பழைய உரிமையின் சட்ட வடிவம் இது. இதைக் கையில் எடுக்க ஒரு பில் வேண்டும். பில் இல்லாமல் என்றால் இன்னும் குறைக்கலாம் என்று கவுண்டரில் சொல்லும்போது, விலையோடு சேர்ந்து கழிவது கடைக்காரரின் பொறுப்பு. பெட்டிக்கும் தனி வழி இருக்கிறது. பட்டறையில் பிரித்துப் போட்ட அசல் பெட்டி கிழியாமல் காயலாங்கடைக்குப் போனால் அதற்கும் ஒரு விலை உண்டு. அதன் மேல் இருக்கும் பெயருக்கு அடுத்த பாகம் அங்கிருந்துதான் ஏறும்.