புற்றுக் காளானின் அடையாளம்: காஞ்சிபுரம் வட்டாரத்தை முன்வைத்து

காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஏரிக்கரைகளிலும் தோப்புகளிலும் காப்புக்காடுகளிலும் இடியோடு மழை பெய்தால் காளான் முளைக்கும். அவற்றுள் மக்கள் விரும்பித் தேடுவது புற்றுக் காளான். அதை இனங்காண ஊர்வழக்கில் இரண்டு அளவுகோல்கள் உண்டு: புற்றருகே முளைத்திருக்க வேண்டும், நிறம் வெள்ளையாக இருக்க வேண்டும். இவ்விரண்டும் போதா. உறுதியான சான்றுகள் தண்டின் அடியிலும் வித்துத்தூளின் நிறத்திலும் இருக்கின்றன என்பதே என் வாதம்.

கறையானுக்கும் இக்காளானுக்கும் உள்ள உறவு தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. தரங்கம்பாடியில் மருத்துவராக இருந்த, லின்னேயஸின் மாணவரான கோனிக், 1779இல் வெளியிட்ட கறையான் பற்றிய கட்டுரையிலேயே புற்றுக்குள் வளரும் பூசணத்தைக் குறித்திருக்கிறார். இலங்கையிலிருந்து வந்த மாதிரியைக் கொண்டு 1847இல் பெர்க்லி என்ற அறிஞர் இக்காளானில் ஓர் இனத்தை விவரித்தார். 1942இல் பிரெஞ்சு அறிஞர் ரோஜர் ஹெய்ம் புற்றுக் காளான்களுக்கென டெர்மிட்டோமைசிஸ் என்ற பேரினத்தை நிறுவினார். அவர் பெயரால் டெர்மிட்டோமைசிஸ் ஹெய்மி என்ற இனத்தை 1979இல் விவரித்தவர், தென்னிந்தியக் காளான்களைத் தொடர்ந்து ஆராய்ந்த கே. நடராஜன்.

முதலில் இடத்தை எடுத்துக்கொள்வோம். தரைக்கு மேல் புற்று எழுப்பாமல் மண்ணுக்கடியிலேயே கூடு கட்டும் கறையான்களும் உண்டு. ஆகவே வெறுந்தரையில் முளைத்ததும் புற்றுக் காளானாக இருக்கலாம். மறுபுறம், புற்றின்மேல் நிற்பதெல்லாம் புற்றுக் காளான் ஆகாது. போடாக்சிஸ் என்ற காளான் புற்றின் உச்சியிலேயே முளைக்கும். ஆனால் அதன் தொப்பி குடையாக விரியாது, முற்றினால் உள்ளே கருந்தூள்தான் இருக்கும்.

நிறம் இன்னும் ஏமாற்றும். மயில்கழுத்துப் பட்டைப் புரட்டிப் பார்க்காமல் பாவின் நிறம் இது, ஊடையின் நிறம் இது என்று எந்த நெசவாளியும் சொல்லமாட்டார். காளானிலோ மேற்பார்வை ஒன்றையே நம்பிவிடுகிறோம். குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ் என்ற நச்சுக் காளானும் வெள்ளையே; தொப்பியில் பழுப்புச் செதில்கள் இருக்கும், கனமழையில் அவை கழுவிப்போவதும் உண்டு. தண்டில் வளையம் உண்டு. டெர்மிட்டோமைசிஸ் ஹெய்மிக்கும் வளையம் உண்டு. தொப்பியின் அடியிலுள்ள செவுள்கள் இளமையில் இரண்டிலும் வெள்ளைதான். குளோரோஃபில்லத்தைத் தின்றால் சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் பிடித்துக்கொள்ளும். வெள்ளிக்காசு போட்டுக் கொதிக்கவைத்தால் நஞ்சு தெரியும் என்ற நம்பிக்கைக்கு எந்த அடிப்படையும் இல்லை.

தோண்டிப் பார்த்தால்தான் வேறுபாடு புலப்படும். கறையான்கள் மென்ற இலையும் மரமும் கழிவாகி, துளைகள் நிறைந்த கூட்டுத்திட்டாகின்றன. பூசணம் அதில் வளர்கிறது. சிறு வெண்முத்துகள் அதன்மேல் அடர்ந்திருக்கும். மழைக்காலத்தில் காளான் அங்கிருந்து கிளம்பி, தொப்பியின் கூர்நுனியால் இறுகிய மண்ணைத் துளைத்து மேலேறுகிறது. கடந்துவந்த வழியெல்லாம் தண்டு கீழ்நோக்கி நீண்டு பொய்வேராகிறது. இழுத்துப் பிடுங்கினால் அது பாதியில் அறுந்துவிடும். கத்தியால் அரிந்தால் கைக்கு வரவே வராது. பக்கவாட்டில் மண்ணைப் பறித்து, நுனி கூட்டுத்திட்டில் போய் ஒட்டும்வரை தொடர வேண்டும். பொய்வேர் உள்ள வேறு காளான்களும் இருப்பதால், அது எங்கே முடிகிறது என்பதுதான் கேள்வி. குளோரோஃபில்லத்தின் தண்டு சற்றே பருத்து மேல்மண்ணிலேயே நின்றுவிடும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. டெர்மிட்டோமைசிஸ் மைக்ரோகார்பஸ், கறையான்கள் வெளியே கொண்டுவந்து போட்ட கூட்டுத்துகள்களின்மேல் நூற்றுக்கணக்கில் முளைக்கும் பொடிக் காளான். அதில் நீண்ட பொய்வேரை எதிர்பார்க்க முடியாது. அங்கே வித்துத்தூளின் பங்கு கூடுகிறது.

தொப்பியைக் காம்பு நீக்கி, செவுள் கீழே இருக்கும்படி பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான தாளில் வைத்து, டம்ளரால் மூடி ஓரிரவு விட வேண்டும். புற்றுக் காளான் இளஞ்சிவப்பு தோய்ந்த தூளை உதிர்க்கும். குளோரோஃபில்லம் பச்சையாக உதிர்க்கும். பச்சை விழுந்தால் புற்றுக் காளான் இல்லை என்பது முடிந்த முடிவு. இளஞ்சிவப்பு விழுந்தாலோ வேலை முடியவில்லை: நச்சினங்களைக் கொண்ட என்டோலோமா என்ற பேரினமும் அதே நிறத்தையே உதிர்க்கும். அதனால்தான் இரு சான்றுகளையும் சேர்த்தே கேட்கிறேன்.

இதன்படி, அடி அறுந்த உலர்மாதிரிகளுக்குப் புற உருவத்தை மட்டும் பார்த்து இனப்பெயர் எழுதும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். சுவை மிகுதி என்று மக்கள் தேடியெடுக்கும் விரியாத மொட்டு வித்துத்தூளே தராது. கூட்டுத்திட்டுவரை தோண்டி எடுக்காத மொட்டைப் புற்றுக் காளான் என்று பதிவேட்டில் எழுதவும் கூடாது, சட்டியில் போடவும் கூடாது.