எம்.ஜி.ஆருக்கு ஒரு நியாயம், எங்க அப்புச்சிக்கு ஒரு நியாயம்

முன் டிஸ்கி: தலைப்புல எம்.ஜி.ஆரைப் பார்த்ததும் கும்மியடிக்க ஓடி வர்ற மக்களே, கொஞ்சம் பொறுங்க. இது கட்சிப் பதிவு இல்ல. மூளையில அடி விழுந்தா மனுசனோட பேச்சு என்ன ஆகுதுங்கறதைப் பத்தின பதிவு. எழுதறவன் டாக்டரும் இல்ல, கோடு அடிச்சுப் பொழைக்கிற ஆளு. ஆபீஸ்ல ஆணி கம்மியா இருந்த நேரத்துல தேடித் தேடிப் படிச்சது.

நம்ம ஊர்ல "அவருக்குப் பேச்சு போயிருச்சுங்க"ன்னு ஒரே வரியில முடிச்சிருவோம். எதுனால போச்சு, எது போச்சு, எது மிச்சம் இருக்குன்னு யாரும் கேக்கறதில்ல. இதுல வேடிக்கை என்னன்னா, தமிழ்நாடே உக்காந்து பார்க்கற மாதிரி ஒரே மனுசனுக்கு ரெண்டு தடவை பேச்சு போச்சு. ரெண்டும் வேற வேற காரணம். அதைப் பார்த்தும் நாம ஒண்ணும் கத்துக்கல.

முதல் தடவை 1967 ஜனவரி 12. ராமாவரம் வீட்டுல எம்.ஆர்.ராதா சுட்டதுல எம்.ஜி.ஆருக்குக் கழுத்துல குண்டு பாய்ஞ்சது. ஆஸ்பத்திரியில கட்டோட படுத்திருந்த படத்தை வச்சே பரங்கிமலைத் தொகுதியில ஜெயிச்சார். ஆனா குரல் பழைய மாதிரி திரும்பல. 1967-க்கு முன்னாடி வந்த ஒரு படத்தையும் பின்னாடி வந்த ஒரு படத்தையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்க, வித்தியாசம் தெரியும். இங்க கெட்டது குரல். சொல்ல வேண்டிய வார்த்தை, இலக்கணம் எல்லாம் மண்டைக்குள்ள பத்திரமா இருந்தது. ஸ்பீக்கர்ல கோளாறு, அவ்ளோதான்.

ரெண்டாவது 1984. அக்டோபர் 5-ஆம் தேதி சென்னை அப்போலோவுல சேர்த்தாங்க. சிறுநீரகக் கோளாறு, அதோட பக்கவாதமும் சேர்ந்துருச்சு. நவம்பர் 5 தனி விமானத்துல நியூயார்க் புரூக்ளினுக்குக் கொண்டுபோனாங்க. அங்க டாக்டர் எலி ஃப்ரீட்மேன் குழு பார்த்தது. டிசம்பர்ல அண்ணன் மகள் லீலாவதி கொடுத்த சிறுநீரகத்தைப் பொருத்தினாங்க. அதே டிசம்பர் 24 இங்க ஓட்டுப் பதிவு. ஆஸ்பத்திரியில அவர் உக்காந்து சாப்பிடற படத்தைத் தியேட்டர் தியேட்டரா ஓட்டினாங்க. ஆண்டிப்பட்டிக்கு வராமலே ஆண்டிப்பட்டியில ஜெயிச்சார். 1985 பிப்ரவரியில ஊர் திரும்பி மூணாவது தடவையா முதல்வர் ஆனார்.

இந்தத் தடவை அடி வாங்கினது மூளை. பேச்சுத் தெளிவு கடைசி வரைக்கும் முழுசா வரல. இருந்தும் கிட்டத்தட்ட மூணு வருசம் ஆட்சி நடத்தினார். 1986 நவம்பர்ல மேலவையையே கலைச்சாங்களே, அது இந்தக் காலத்துலதான். இறக்கறதுக்குச் சில நாள் முன்னாடி, கத்திப்பாராவுல ராஜீவ் காந்தி நேரு சிலை திறந்த விழாவுக்கும் வந்துட்டுப் போனார். 1987 டிசம்பர் 24 காலமானார் (நான் பொறக்கறதுக்குப் பத்து வருசம் முன்ன). அந்த மூணு வருசமும் "பேச முடியாதவருக்குப் புத்தி எப்படி இருக்கும்"னு அவரோட ரசிகன் ஒருத்தன் கேட்டிருப்பானா? கேட்டிருக்க மாட்டான்.

இந்த இடத்துல கொஞ்சம் பாரீஸ் போயிட்டு வந்துரலாம். பேச்சு வேற, புத்தி வேறங்கற கதை அங்கதான் சூடு பிடிச்சுது.

1861-ல பால் புரோக்காங்கற டாக்டர்கிட்ட லெபோர்ன்னு ஒரு நோயாளி வந்தார். செருப்புத் தைக்கறதுக்கான மர அச்சு செய்யற தொழிலாளி. எதைக் கேட்டாலும் "டான், டான்"னு மட்டும் சொல்வார். 21 வருசமா ஆஸ்பத்திரி வாசம், அங்க அவருக்குப் பேரே டான். ஆனா கேக்கறது புரியும். அவர் இறந்ததும் புரோக்கா மூளையைப் பார்த்தார். இடது பக்கம் முன்னால ஒரு இடம் அழிஞ்சிருந்தது. 1874-ல ஜெர்மன்காரர் கார்ல் வெர்னிக்கே இதுக்குத் தலைகீழான ஒண்ணை எழுதினார். இவங்க சரளமா பேசுவாங்க, ஆனா அர்த்தம் இருக்காது, அடுத்தவங்க பேசறதும் புரியாது. காதுக்குப் பக்கத்துல, பின்னால இருக்கற பகுதி கெட்டா இப்படி ஆகும். அப்ப வெர்னிக்கேவுக்கு வயசு 26. அந்த வயசுல நான் பக் ஃபிக்ஸ் பண்ணிட்டு இருந்தேன் :-)

இதுல இருந்து வளர்ந்ததுதான் இன்னைக்கு நரம்பியல்ல சொல்ற பிரிவுகள். மொழியே அடி வாங்கினா அது அஃபேசியா. பேசறது மட்டுமில்ல, எழுதறது, படிக்கறது, புரிஞ்சுக்கறது எல்லாத்துலயும் கொஞ்சமாவது கை வைக்கும். நாக்கு, உதடு, தொண்டைத் தசைகளுக்குப் போற கட்டளை பலவீனமானா டிஸ்ஆர்த்ரியா. வார்த்தை சரியா இருக்கும், வெளிய வர்றப்ப குழறும். பேனா கொடுத்தா ஒழுங்கா எழுதிருவாங்க. தசையும் நல்லாருக்கு, வார்த்தையும் தெரியுது, ஆனா வாயை எப்படி அசைக்கறதுன்னு மூளை போடற திட்டம் குலைஞ்சுபோனா அப்ராக்சியா. ஒரே ஆளுக்கு ரெண்டு மூணு கலந்தும் வரலாம். வைத்தியம் ஒவ்வொண்ணுக்கும் வேற. அதனாலதான் முதல்ல சோதிச்சுப் பார்க்கணும். "பேச்சு போச்சு"ன்னு மூட்டை கட்டி வைக்கக் கூடாது.

சோதனைன்னா என்ன? கனடாவுல ஆண்ட்ரூ கெர்டெஸ் உருவாக்கி 1982-ல வெளியான 'வெஸ்டர்ன் அஃபேசியா பேட்டரி'யை உலகம் பூரா பயன்படுத்தறாங்க. தானா எவ்ளோ பேசறார், சொன்னது புரியுதா, சொன்னதைத் திருப்பிச் சொல்றாரா, பொருளைக் காட்டினா பேர் சொல்றாரா, இந்த நாலையும் வச்சு நூத்துக்கு ஒரு மார்க். 93.8-க்குக் கீழ போனா அஃபேசியான்னு கணக்கு.

கேக்க நல்லாத்தான் இருக்கு. அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தாத்தான் சிக்கல். அதுல திருப்பிச் சொல்லச் சொல்ற ஒரு வாக்கியம் "நோ இஃப்ஸ், ஆண்ட்ஸ் ஆர் பட்ஸ்". முழுக்கக் குட்டிக் குட்டி இலக்கணச் சொற்கள், நோயாளிக்கு அதுதான் கஷ்டம்னு வேணும்னே வச்சது. தமிழ்ல இதை எப்படி மொழிபெயர்ப்பீங்க? நம்ம இலக்கணம் தனிச் சொல்லா நிக்காது, வால்ல ஒட்டிட்டு வரும். இங்கிலீஷ்காரர் குட்டிச் சொற்களை விட்டுட்டுத் தந்தி மாதிரி பேசலாம். 'வந்தேன்'ல கடைசி 'ஏன்'ஐக் கழட்டிட்டா மிச்சம் இருக்கறது சொல்லே இல்ல. அதனால தமிழ் நோயாளி தப்பு பண்ற விதமே வேறயா இருக்கும். சாப்ட்வேர்ல லோக்கலைசேஷன் பண்ணவங்களுக்குப் புரியும், சரத்தை மட்டும் மாத்தினா போதாது, லாஜிக்கையே மாத்தணும்.

இந்தியாவுல இதை யாரும் யோசிக்காம இல்ல. 1965-ல மைசூர்ல அகில இந்திய பேச்சு, செவித்திறன் நிறுவனம் தொடங்கினாங்க. பிரதிபா காரந்த் 1980-லயே கன்னடத்துக்குன்னு, கன்னட இலக்கணத்தை வச்சே ஒரு சோதனையை உருவாக்கினார். 1992-ல மறுவாழ்வு கவுன்சில் சட்டம் வந்து, பேச்சுப் பயிற்சியாளர்கள் பதிவு பண்ணித்தான் தொழில் பார்க்கணும்னு ஆச்சு. ஹைதராபாத் நிம்ஸ்ல சுவர்ணா அல்லாடி குழு 608 பக்கவாத நோயாளிகளை ஆராய்ஞ்சு 2016-ல வெளியிட்டதும் முக்கியமானது. ரெண்டு மொழி தெரிஞ்சவங்கள்ல 40.5 சதவீதம் பேருக்குப் பக்கவாதத்துக்கு அப்புறமும் சிந்தனைத் திறன் இயல்பா இருந்தது. ஒரு மொழி மட்டும் தெரிஞ்சவங்கள்ல 19.6 சதவீதம்தான். ஆனா அஃபேசியா வர்றதுல ரெண்டு கோஷ்டிக்கும் வித்தியாசம் இல்ல. பேச்சும் புத்தியும் ஒண்ணில்லைங்கறதுக்கு இதைவிட என்ன வேணும்?

சரி, எங்க ஊர் கதைக்கு வர்றேன். ஊத்துக்குளின்னா உங்களுக்கு வெண்ணெய்தான் ஞாபகம் வரும். எங்க அப்புச்சி (அம்மாவோட அப்பா) திருப்பூர்ல பனியன் கம்பெனி கட்டிங் மாஸ்டர். முப்பது வருசம் துணியைத் தொட்டே என்ன ஜிஎஸ்எம்னு சொன்ன ஆளு. 2016-ல வாதம் அடிச்சு வலது கை போச்சு, பேச்சும் போச்சு. கோயமுத்தூர்ல ஒரு ஆஸ்பத்திரியில படம் காட்டிப் பேர் கேட்டாங்க. வெளிநாட்டு அட்டை. பீவர்னு ஒரு பிராணி, பனி வீடு, திமிங்கலம் குத்தற ஈட்டி. ஊத்துக்குளியில எங்கிங்க திமிங்கலம்? ஒரு பாத்திரத்தைக் காட்டினப்ப மட்டும் ரொம்ப நேரம் முக்கி "போசி"ன்னார். எழுதிட்டு இருந்தவர் வெளியூர், தப்புன்னு கோடு போட்டுட்டார். எங்க பக்கம் பாத்திரத்துக்கு அதுதாங்க பேரு! எங்க அம்மிச்சி அங்கயே அழுதுட்டாங்க, மார்க் போனதுக்கில்ல, "அவரு சொன்னது சரிதானுங்களே"ன்னு.

அதைவிடக் கொடுமை வீட்டுல நடந்தது. பார்க்க வந்தவங்க எல்லாம் செவிடன்கிட்டப் பேசற மாதிரி கத்தினாங்க, இல்ல அவர் இல்லாத மாதிரி அவரைப் பத்திப் பேசினாங்க. ஆறே மாசத்துல, புத்தி போன மனுசன்னு முடிவு கட்டி, ஒரு பத்திரத்துல கைநாட்டு வாங்கச் சொந்தக்காரங்க வந்துட்டாங்க. அவருக்கு இடது கையால கையெழுத்துப் போடத் தெரியும், எழுதிப் பழகிட்டு இருந்தார். பத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு ஓரமா தள்ளி வச்சார். வந்தவங்கள்ல பாதிப் பேர் 1984-ல ரெட்டை இலைக்குக் குத்தினவங்க. குழறின பேச்சோட கோட்டைக்குப் போன மனுசனைக் கும்பிட்டவங்களுக்கு, திண்ணையில உக்காந்திருக்கற மாப்பிள்ளைகிட்ட "உங்களுக்குச் சம்மதமா"ன்னு ஒரு வார்த்தை கேக்கத் தோணல.

அப்புறம் ஒரு பேச்சுப் பயிற்சியாளர் கெடச்சாங்க. சின்னப் பொண்ணுதான், ஆனா கெட்டி. அட்டையைத் தூக்கிப் போட்டுட்டு நிஜக் கத்திரி, நூல் கோன், ஓவர்லாக் மிசின், வெண்ணெய்ச் சட்டின்னு போட்டோ எடுத்து ஒரு நோட்டு பண்ணாங்க. ஆமா-இல்லைன்னு பதில் வர்ற மாதிரி எப்படிக் கேக்கணும், கேட்டுட்டு எவ்ளோ நேரம் காத்திருக்கணும்னு எங்களுக்கும் பாடம் நடத்தினாங்க. தண்ணின்னு சொல்ல வராத அப்புச்சி எம்.ஜி.ஆர் பாட்டை மட்டும் வார்த்தையோட பாடுவார். இது அதிசயமில்ல. அஃபேசியா வந்தவங்க பலருக்குப் பாட்டு, சாமி ஸ்லோகம், ஒண்ணு ரெண்டு எண்றது, கெட்ட வார்த்தை எல்லாம் தங்கிரும். இதை வச்சே ராகமா பேசப் பழக்கற ஒரு முறையை 1973-ல அமெரிக்காவுல கொண்டுவந்தாங்க. (அந்தப் பாட்டுல அவர் கேட்டு வளர்ந்த குரல் டி.எம்.எஸ்-ஸோடது, அது வேற விசயம்.)

பயிற்சி வேலை செய்யுதான்னு கேப்பீங்க. 57 ஆய்வுகள், 3002 பேரை வச்சு 2016-ல வந்த காக்ரேன் தொகுப்பு, அன்றாடத்துக்கு உதவற பேச்சுல பலன் இருக்குன்னு சொல்லுது. முழுசா திரும்பும்னு சொல்லல. அப்புச்சிக்கு ஒரு நாப்பது அம்பது வார்த்தை வந்துச்சு. அதுல முதல்ல தெளிவா வந்தது "வேண்டாம்".

1984-ல எம்.ஜி.ஆருக்கு இல்லாத ஒண்ணு இப்ப இருக்கு. அடைப்புனால வர்ற பக்கவாதத்துக்குக் கட்டியைக் கரைக்கிற ஊசி பலன் தரும்னு 1995-ல நிரூபணமாச்சு. நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். பேச்சு திடீர்னு குழறினா எலுமிச்சம்பழம் தேடாம 108-ஐக் கூப்பிடுங்க.

கடைசியா ஒரு வேலை உங்களுக்கு. எங்க பக்கம் போசி. உங்க ஊர்ல அதுக்கு என்ன பேரு? துடைப்பத்துக்கு, கரண்டிக்கு, பல்லிக்கு? ஊர் பேரோட பின்னூட்டத்துல போடுங்க. சேர்த்து அந்தப் பயிற்சியாளர்கிட்டக் கொடுக்கறேன், கேட்டிருக்காங்க.