புற்றுநோயில் மைக்ரோ ஆர்என்ஏ

ஏறத்தாழ 22 நியூக்ளியோடைடு நீளமே உள்ள, புரதத்துக்கான குறிப்பு எதையும் சுமக்காத ஆர்என்ஏ இழைகள் மைக்ரோ ஆர்என்ஏ எனப்படும். தூது ஆர்என்ஏவில் ஒட்டிக்கொண்டு, அதிலிருந்து புரதம் உருவாவதை இவை குறைக்கின்றன. எது எவ்வளவு இருக்கும் என்பது திசுவுக்குத் திசு வேறுபடும். புற்றுக்கட்டியில் அந்த அளவுகள் நிலைகுலைகின்றன.

இவ்வகையில் முதலாவதான லின்-4, விக்டர் அம்ப்ரோஸ் குழுவினரால் 1993இல் சி. எலிகன்ஸ் என்ற உருளைப்புழுவில் கண்டறியப்பட்டது. அது லின்-14 மரபணுவை அடக்கும் விதத்தை அவர்களும் கேரி ரவ்குன் குழுவினரும் ஒரே சமயத்தில் விளக்கினர். ஒரு மில்லிமீட்டர் புழுவின் விசித்திரமாகவே பலரும் இதைக் கருதினர். 2000இல் கிடைத்த லெட்-7 மனிதரிடமும் அப்படியே இருப்பது தெரிந்த பிறகுதான் நிலைமை மாறியது. இருவருக்கும் நோபல் பரிசு வர 2024 ஆயிற்று.

புற்றுநோய்த் தொடர்பு வேறொரு தேடலில் அகப்பட்டது. நாள்பட்ட நிணநீரணு ரத்தப் புற்றுநோயாளிகள் பாதிப் பேருக்கு மேல் 13ஆம் குரோமோசோமில் ஒரு துண்டை இழந்திருப்பார்கள். கட்டியை அடக்கும் மரபணு அங்கேதான் இருக்க வேண்டும் என்று பல ஆய்வகங்கள் ஆண்டுக்கணக்கில் சல்லடை போட்டுத் தேடின. அகப்பட்ட மரபணு எதுவும் பொருந்தவில்லை. புரதம் தரும் மரபணுவையே எல்லோரும் எதிர்பார்த்ததுதான் சிக்கல். பிலடெல்பியாவில் ஜார்ஜ் காலின், கார்லோ குரோச்சே குழுவினர் 2002இல் முடிச்சை அவிழ்த்தனர். தொலைந்தவை மிர்-15ஏ, மிர்-16-1 என்ற இரு மைக்ரோ ஆர்என்ஏக்கள். ஏறத்தாழ 68 விழுக்காட்டு நோயாளிகளிடம் அவை அழிந்தோ குறைந்தோ இருந்தன. செல்லைச் சாகவிடாமல் காக்கும் பிசிஎல்2 புரதத்துக்கு இவைதான் கடிவாளம் என்பது 2005இல் தெரிந்தது.

அதே ஆண்டில் டாட் கோலப் குழுவினர் 334 மாதிரிகளில் 217 மைக்ரோ ஆர்என்ஏக்களை அளந்தனர். மிர்-17-92 தொகுதி, மிர்-21 போன்றவை சில புற்றுகளில் எகிறுவது உண்மையே. ஆனால் மொத்தத்தில் பார்த்தால் கட்டிகளில் பெரும்பாலான மைக்ரோ ஆர்என்ஏக்கள் குறைந்திருந்தன. அதைவிட வியப்பானது இன்னொன்று: எந்த உறுப்பில் தோன்றியதென்று நுண்ணோக்கியில் எளிதில் பிடிபடாத 17 கட்டிகளில் 12இன் பிறப்பிடத்தை மைக்ரோ ஆர்என்ஏ வடிவம் சரியாகச் சொன்னது. ஆயிரக்கணக்கான தூது ஆர்என்ஏக்களை வைத்துக் கணித்தபோது ஒன்றுதான் சரியாயிற்று.

ரத்தத்திலுள்ள மைக்ரோ ஆர்என்ஏக்களை அளந்தே புற்றைக் கண்டறியலாம் என்ற நம்பிக்கை 2008இல் பிறந்தது. ஆனால் சிவப்பணுக்கள் உடைந்தாலே மிர்-16, மிர்-451 அளவு கூடிவிடுவதால் பல முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. சிகிச்சை முயற்சியும் எளிதாக அமையவில்லை. கட்டியை அடக்கும் மிர்-34ஐப் போலச் செய்யப்பட்ட எம்ஆர்எக்ஸ்34 மருந்தின் முதற்கட்டச் சோதனை, நோயாளிகளிடம் கடுமையான நோயெதிர்ப்பு விளைவுகள் தோன்றியதால் 2016இல் நிறுத்தப்பட்டது.