முன்பே தெரிந்த ரகசியம்: குடும்பக் கதையில் திகிலின் இடம்

தமிழில் உளவியல் மர்ம நாவல் தழைக்கவில்லை என்றொரு பேச்சு உண்டு. அப்படிச் சொல்பவர்கள் டாஃப்னி டு மாரியேவின் 'ரெபெக்கா' (1938) போன்ற ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு சொல்கிறார்கள். பெரிய மாளிகை, புதிதாக வந்த மனைவி, இறந்துபோன முதல் மனைவியைப் பற்றிக் கணவன் மறைத்து வைத்திருக்கும் உண்மை. அந்த உண்மை வாசகருக்கும் வெகுநேரம் மறுக்கப்படுகிறது. இதே நாவலை 1940இல் படமாக்கிய ஹிட்ச்காக், பிற்காலத்தில் த்ரூஃபோவுடனான உரையாடலில் வேறொரு கணக்குச் சொன்னார். மேசைக்கடியில் வெடிகுண்டு இருப்பது பார்ப்பவருக்கும் தெரியாவிட்டால் கிடைப்பது ஒரு நொடி அதிர்ச்சிதான்; முன்பே தெரிந்திருந்தால், மேசையைச் சுற்றியிருப்பவர்கள் பேசும் சாதாரணப் பேச்சு முழுவதும் திகிலாகிவிடும். தமிழ்க் குடும்பக் கதைகளை அளக்க இந்த இரண்டாவது கணக்கே பொருத்தம் என்பதும், ரகசியத்தைக் கடைசிவரை பொத்திவைத்துத் திறக்கும் கதை பெரும்பாலும் யாரோ ஒருவருடைய நிம்மதிக்காகவே அப்படிச் செய்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

நெல்லைச் சீமையில் வடகரையிலிருந்து பாபநாசம் வரையுள்ள மலையடிவாரத்தில் வளர்ந்த ஒருவருக்கு ஹிட்ச்காக் சொன்னது புதிதாகத் தோன்றாது. கோயில் கொடை இரவில் வில்லுப்பாட்டுப் புலவர் வீசுகோலை எடுத்து வில்லைத் தட்டும்போதே, கதைநாயகன் யார் கையால் எப்படிச் சாகப்போகிறான் என்பது கேட்பவர் எல்லோருக்கும் தெரியும். செத்தவன்தானே எதிரே பீடமாக நிற்கிறான்! ஆனாலும் கூட்டம் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறது. கதைக்குள் இருப்பவனுக்குத் தெரியாதது தனக்குத் தெரிகிறதே என்ற தவிப்புதான் அதை உட்காரவைக்கிறது.

அச்சு நாவலும் தொடக்கத்திலேயே இந்த வழியைப் பிடித்துக்கொண்டது. ராஜம் ஐயரின் 'கமலாம்பாள் சரித்திரம்' (1896) குழந்தை காணாமற்போவது, கொள்ளைக்காரர்கள் என்று மர்மக் கதைக்கு வேண்டிய சரக்கெல்லாம் உடையது. அதன் உண்மையான திகில் அவற்றில் இல்லை. கமலாம்பாள் மீது ஊர் கட்டிவிடும் பழி பொய் என்பது நமக்குத் தெரியும். அவள் கணவர் முத்துசாமி ஐயருக்குத் தெரியாது. படித்த, பண்பான ஒரு மனிதரின் மனம் வம்புப் பேச்சால் எப்படி அரிக்கப்படுகிறது என்பதைப் பக்கம் பக்கமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், தடுக்க வழியில்லாமல். நாவலின் வேதாந்தப் பின்பகுதியை விட இந்தப் பகுதியே இன்றும் பழசாகாமல் இருக்கிறது என்பது என் வாசிப்பு.

தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' (1966) இதைத் தலைகீழாக்குகிறது. இங்கே பழி உண்மை. காவிரிக்கரையில் பவானியம்மாள் நடத்தும் வேதபாடசாலையில் படிப்பை முடித்துவிட்டு அப்பு சென்னைக்குத் திரும்புகிறான். புறப்படும் முன்பே, அவனை விரும்பும் இந்து, மறுக்கப்பட்ட ஆத்திரத்தில், அவன் அம்மா அலங்காரத்துக்கு வேறொருவருடன் உறவு உண்டு என்ற உண்மையைச் சொல்லிவிடுகிறாள். மர்மக்கதை ஆசிரியர் எவரும் இறுதி அத்தியாயத்துக்கு ஒதுக்கிவைத்திருக்கக்கூடிய செய்தி நாவலின் தொடக்கத்திலேயே செலவழிந்துபோகிறது. மிச்சமுள்ள பக்கங்களில் எதற்காகக் காத்திருக்கிறோம்?

வாயைத் திறக்கப்போவது யார் என்பதற்காக. அப்பு வீட்டுக்குள் நுழைந்த பிறகு நாம் கவனிப்பதெல்லாம் சின்னச் சின்ன அசைவுகள்: அம்மாவைத் தேடிச் சிவசு வரும் நேரம், அப்போது வீட்டிலிருப்பவர்கள் கண்ணைத் திருப்பிக்கொள்ளும் விதம், தம்பி தங்கைகளின் முகச்சாயல். அப்பா தண்டபாணிக்குத் தெரியும். தெரியும் என்பது அலங்காரத்துக்கும் தெரியும். கூடத்தில் ஒருவர் இருமினால் அடுக்களையில் கேட்கும் வீட்டில் பூட்டிவைக்க அறை ஏது? வீட்டார் ஒருவருக்கொருவர் காட்டும் மரியாதைக்குள்தான் ரகசியம் ஒளிந்திருக்கிறது. சாப்பிட வாங்கோ என்று சாதாரணமாகக் கூப்பிடும் குரல்கூட, எதையோ சொல்லாமல் தாண்டிப்போகும் வழியாகிவிடுகிறது. அலங்காரம் மகனை வேதம் படிக்க அனுப்பியதே தன் செயலுக்குக் கழுவாய் தேடித்தான் என்பது புலப்படும்போது, அப்புவின் படிப்பும் ஒழுக்கமும் அந்த ரகசியத்தின் பகுதிகளாக மாறுகின்றன. உண்மையை அறியவந்தவன் தானே அதன் விளைபொருள் என்று காண்பது ஓர் அசல் உளவியல் திகில். இதற்கு ஒரு பிணமும் தேவைப்படவில்லை.

அலங்காரம் காசிக்குக் கிளம்புவதோடு நாவல் எந்தக் கணக்கையும் தீர்ப்பதில்லை. மன்னிப்பு இல்லை, தண்டனை இல்லை. உண்மை தெரிந்ததால் இலேசான மனம் என்று ஒன்றுகூட இல்லை.

இதற்கு எதிர்முனையில் இந்திரா சௌந்தர்ராஜனின் 'விட்டுவிடு கருப்பா'. அதை வைத்து நாகா இயக்கிய 'விடாது கருப்பு' 1997இல் சன் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானபோது தமிழ்நாட்டு வீடுகளில் ஏற்படுத்திய அச்சம் சாமானியமானதன்று. ஊரில் விழும் தண்டனைகள் கருப்பசாமியின் வேலையா, மனிதக் கை வேலையா என்ற கேள்வியைக் கடைசிவரை தொங்கவிட்டு, பால்யத்தில் பட்ட காயத்தால் பிளவுண்ட ஒரு மனத்தை விடையாகக் காட்டுகிறது கதை. இரண்டு காலங்களை மாற்றி மாற்றிப் பின்னிய உத்தி அன்றைய தொலைக்காட்சிக்கு மிகத் துணிச்சலானது. ஆனால் நோய்க்குப் பெயர் கிடைத்ததும் குற்றம் ஒருவனுக்குள் அடைபட்டுவிடுகிறது. அந்தக் காயத்தை உண்டாக்கிய குடும்பமும் ஊரும் பார்வையாளர் வரிசையில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. விடை சரியானதுதான், அது தரும் ஆறுதலைத்தான் சந்தேகிக்கவேண்டியிருக்கிறது.

தாமதமாகத் திறக்கப்படும் ரகசியம் யாருக்கு ஆறுதல் தருகிறது என்ற கேள்விக்கு முன்பு சொன்ன மலையடிவாரமே மிகத் தெளிவான சான்றை வைத்திருக்கிறது: முத்துப்பட்டன் கதை. அண்ணன்மாரோடு பிணங்கிக் கொட்டாரக்கரைக்குப் போன பிராமண இளைஞன், பொம்மக்கா, திம்மக்கா என்னும் சக்கிலியர் பெண்கள் இருவரையும் மணக்க, பூணூலையும் குடுமியையும் விட்டுச் செருப்புத் தைக்கிறான். மாமனார் வாலப்பகடையின் மாடுகளைக் கவர வந்தவர்களோடு போரிட்டு மடிகிறான். இக்கதையைப் பதிப்பித்த நா. வானமாமலை, அப்பெண்கள் உண்மையில் காட்டில் விடப்பட்ட பிராமணக் குழந்தைகள், வாலப்பகடை எடுத்து வளர்த்தவர் மட்டுமே என்று சொல்லும் வடிவத்தையும் கவனித்து, அதைப் பிற்காலச் சேர்க்கையாகக் கருதினார். அவர் இதைச் சாதிய நோக்கில் விளக்கினார். கதைக்கலை நோக்கிலும் அது ஒரு சேர்க்கையாகவே உறுத்துகிறது. ரகசியமே இல்லாத இடத்தில் ஒரு பிறப்பு ரகசியம் நடப்படுகிறது. அதை நட்டதும், ஒருவன் எதை இழக்கத் துணிந்தான் என்ற தவிப்பு கதையை விட்டு வெளியேறிவிடுகிறது. அவன் எதையும் இழக்கவே இல்லை என்றாகிவிடுகிறது. யாருக்கு நிம்மதி என்று விளக்கத் தேவையில்லை.

வழிபடுவோர் அந்த நிம்மதியை ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. காரையார் சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாக நிற்கும் அவனுக்கு இன்றும் நேர்த்திக்கடனாகக் கொண்டுவந்து கட்டுவது தோல் செருப்புகளை. பிறப்பு ரகசியம் உண்மையென்றால் அந்தக் காணிக்கைக்குப் பொருளே கிடையாது.